கருவேல முள்ளும் பினாங்குத் தட்டும்

என் மாமனார் சிக்கந்தரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி மெஹருன்னிசா, "அத்தாவ ரொம்பக் கேலி பண்ணிராதீங்க" என்றாள். ரொம்ப என்றால் எம்புட்டு என்று அவள் சொல்லவில்லை. அதனால் என் கைக்கு வந்த அளவில் எழுதுகிறேன். மருமகன் எழுதுவதில் உப்பு ஒரு கல் கூடத்தான் இருக்கும்.

மதுரை தெற்குமாசி வீதியில் அவருக்கு ஒரு கடை இருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்கத்தான் முடியும். பூட்டு, குடை, ஸ்டவ் மூன்றையும் பழுது பார்ப்பார். சாவி தொலைந்த பெட்டி எதுவானாலும் அவரிடம்தான் வரும், அவரும் ஒரு கம்பியை விட்டுக் குடைந்து திறந்துவிடுவார். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவர் தன் கடைப் பூட்டை மட்டும் நம்ப மாட்டார். பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பார், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். விளக்குத்தூண் வரை போய்விட்டு மறுபடியும் வந்து இழுத்துப் பார்த்ததை நானே கண்ணால் கண்டிருக்கிறேன். பயம் அவருக்குக் கூடவே பிறந்தது.

அவருடைய இடது புறங்கையில் மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "பாட்டுப் பொட்டி கடிச்சிருச்சு மாப்ள" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. மிச்சத்தைக் கறக்க எனக்குப் பதினொரு வருஷம் பிடித்தது. பாதியை அவர் சொன்னார், மீதியை அவருடைய தங்கை சபியா மாமி சொன்னார்.

சபியா மாமியின் மாப்பிள்ளை நைனா முகமது. நிக்காஹ் முடிந்து ஒரு வருஷம் போலக் குடும்பம் நடத்திவிட்டு, 1935ல் பினாங்குக்கு ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதக் கப்பலேறிவிட்டார். மாமி காஜிமார் தெருவில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அப்போதெல்லாம் பெண்டாட்டி பேருக்குக் கடிதம் எழுதுகிற வழக்கம் கிடையாது. மச்சான் பேருக்குத்தான் எழுத வேண்டும், அதில்தான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சபியா மாமிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே கடிதம் வந்தால் கூடத்தில் பாயை விரித்து அண்ணன் வாசிப்பார், தங்கை வெட்கத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார். பதிலும் அப்படியே. தங்கை சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுவார்.

அங்கேதான் என் மாமனார் சறுக்கினார்.

நைனா முகமதுவின் முதல் கடிதம் வந்தபோது அதைத் தனக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தாராம். இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல், கடையில் சரக்கு குறைவு, மழை அதிகம், வீட்டில் எல்லோருக்கும் சலாம். அம்புட்டுத்தான். சபியா என்கிற பெயருக்குப் பக்கத்தில் ஒரு பிரியமான வார்த்தை கிடையாது. சில கடிதங்களில் கஷாயம், மருந்து என்று ஏதாவது உத்தரவு இருக்கும், அதை அவர் தாண்டிப் போய்விடுவார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அந்த வறண்ட கடிதத்தை அப்படியே வாசிக்க அவருக்கு மனசு வரவில்லை. "சபியாவிடம் சொல்லவும். இங்கே நிலாவைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம்தான்" என்று ஒரு வரியைத் தானாகச் சேர்த்து வாசித்துவிட்டார். மனுஷருக்கு நாடகக் கொட்டகைப் பழக்கம் உண்டு, வசனத்துக்குப் பஞ்சமில்லை.

அதற்கப்புறம் எல்லாக் கடிதத்திலும் நிலா வந்தது, மழை வந்தது, முற்றம் வந்தது. பதில் எழுதும்போதும் கை சும்மா இருக்கவில்லை. சபியா மாமி சொல்வதோ, "சொகமா இருக்கேன்னு எழுது. மதினியும் சொகம்னு எழுது. போதும்ணே." அதை மட்டும் எழுதினால் அங்கே இருக்கிறவன் என்ன நினைப்பான்? எனவே அந்தப் பக்கத்துக்கும் இவரே பிரியத்தை அனுப்பிவைத்தார். ஆறு வருஷம். போக முப்பத்தாறு, வர முப்பத்தாறு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகும் என்பார்கள். இவர் பிடித்ததில் எந்த உருவமும் தெரியாமல் மண் மட்டும் கூடிக்கொண்டே போனது.

1942 தை மாதக் கடைசியில் ஒரு பார்சல் வந்தது. யுத்தத் தணிக்கைக்காரர்கள் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். அதற்கு முந்தின மாதமே பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டதாகப் பேப்பரில் வந்து, வீட்டில் யாருக்கும் சோறு இறங்காமல் இருந்தது. பார்சல் அதற்கு முன்பே கப்பலேறி, எங்கெங்கோ சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது. நைனா முகமது உயிரோடு திரும்பி வந்தார், 1946ல். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கவலை தெருவுக்கே இருந்தது. என் மாமனாருக்குக் கூடுதலாக இன்னொரு கவலை இருந்தது, இந்தக் கதை அந்தக் கவலையைப் பற்றியது.

பார்சலுக்குள் ஒரு கறுப்புத் தட்டு. சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது, கையில் எடுத்தால் கனமில்லை. கூட ஒரு துண்டுச் சீட்டு. "இது கிராமபோனில் வைத்துக் கேட்கும் தட்டு. இதில் நான் பேசியிருக்கிறேன். இது சபியாவுக்கு. அவள் மட்டும் கேட்கட்டும்."

சீட்டைத் தனக்குள் படித்ததும் மாமனாருக்குத் தன் வினை புரிந்துவிட்டது. கடைசியாகப் போட்ட கடிதத்தில் அவர்தான் எழுதியிருந்தார்: உங்கள் குரல் என் காதில் மங்கிக்கொண்டே வருகிறது, ஒரேயொரு தடவை கேட்டால் போதும் என்று. சபியா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். இப்போது பினாங்கிலிருந்து ஒரு வாய் நேராக வந்து நிற்கிறது. நடுவில் வாசித்துச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. அதில் நிலாவும் இருக்காது, முற்றமும் இருக்காது. ஆறு வருஷமாகத் தன் தங்கை யாருடைய வார்த்தையை வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். அவள் மட்டும் கேட்கட்டும் என்று எழுதியிருக்கிறானே, அவனுக்கும் ஏதோ சந்தேகம் தட்டிவிட்டதோ? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இவருக்கு மடியில் எழுபத்திரண்டு கடிதங்களின் கனம்.

அந்தச் சீட்டை மட்டும் அவர் எழுத்து மாறாமல் வாசித்தார். பயத்தில் புதிதாக ஒன்றும் வாயில் வரவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து சபியா மாமி, "பாட்டுப் பொட்டி யாரு வீட்ல இருக்குண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

ஊரில் கிராமபோன் இல்லாமல் இல்லை. காப்பி கிளப்பில் இருந்தது, இரண்டு மூன்று பெரிய வீடுகளிலும் இருந்தது. ஆனால் பெட்டியைக் கொடுக்கிறவன் கூடவே காதையும் அனுப்புவான். சாவி கொடுக்க ஒரு ஆள், ஊசி மாற்ற ஒரு ஆள், வேடிக்கை பார்க்க நாலு ஆள். புருஷன் பெண்டாட்டிக்குச் சொன்னது சாயங்கால அஸர் தொழுகைக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். சபியா மாமி அதற்குச் சம்மதிக்கவில்லை. நீதான் பூட்டு, ஸ்டவ் என்று எல்லாம் பார்க்கிறாயே, நீயே ஒன்று செய்து கொடு, நானே வைத்துக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். புதுப் பெட்டி வாங்கலாம் என்றால் யுத்தத்தில் சரக்கே வருவதில்லை. அண்ணன் முடியாது என்று சொல்லியிருக்கலாம். முடியாது என்று தங்கையிடம் சொல்கிற தைரியமும் அவருக்கு இல்லை.

யோசனை கேட்க ஹாலாஸ்யம் ஐயரிடம் போனார். ஐயர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, சங்கீதப் பைத்தியம். அவரிடம் முன்பு ஒரு கிராமபோன் இருந்தது. ஸ்பிரிங் முறிந்து மூலையில் கிடந்ததைப் பார்த்து அவர் சம்சாரம் ஜானு மாமி பொறுமை இழந்து, பழைய பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு இட்லிக் கொப்பரை வாங்கிவிட்டார். மிஞ்சியது விரிசல் விட்ட ஒரு பாட்டுத் தட்டும் ஒரு டப்பா இரும்பு ஊசியும்தான். இரண்டையும் ஐயர் தாராளமாகக் கொடுத்தார். பினாங்குத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பாய், இது கம்பெனித் தட்டு இல்லே. அலுமினியத்து மேல ஏதோ பூசியிருக்கான். ஊசிய வெச்சா உழுதுண்டு போயிடும். இரும்பு ஊசிக்கு ஒரு தடவைகூடத் தாங்காது. ஊசிக்குப் பதிலா கருவேல முள்ளு சீவிப் போட்டா நாலஞ்சு தடவை கேக்கலாம்."

இதைக் கேட்டதும் என் மாமனாருக்கு இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் தோன்றியதாம். ஒன்று, எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது. இன்னொன்றை அவர் என்னிடம் சொல்லவே பதினொரு வருஷம் ஆனது. இரும்பு ஊசியைப் போட்டால் எல்லாம் ஒரே நிமிஷத்தில் அழிந்துவிடும் என்பதுதான் அது. வரும் வழியிலேயே கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்த நினைப்பு வந்ததற்காகவே அன்றைக்கு இஷா தொழுகையில் கூடுதலாக அழுதாராம்.

வேலை ஆரம்பமானது. கீழவாசல் பழைய இரும்புக் கடைகளில் ஓடாத சுவர்க் கடிகாரங்கள் இரண்டு கிடைத்தன. அவற்றின் ஸ்பிரிங் இரண்டையும் ஒன்றோடொன்று ரிவெட் அடித்து இணைத்தார். ஒரு தட்டு முழுக்க ஓட ஒரு ஸ்பிரிங் போதாது. அதைச் சுருட்டி அடைக்க ஓட்டை விழுந்த ஸ்டவ்வின் பித்தளை டாங்கியை அறுத்து எடுத்தார். பல்சக்கரங்களும் கடிகாரத்தினுடையவை. தட்டை வைத்துச் சுழற்ற, வீட்டில் சோறு சாப்பிடுகிற பித்தளை வட்டில் ஒன்றின் அடியில் ஈயம் உருக்கி ஊற்றிக் கனமேற்றினார். என் மாமியார் அஜ்மல் பீவிக்கு அந்த வட்டில் சீதனத்தில் வந்தது. அது எங்கே என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது இவரும் கூடச் சேர்ந்து தேடினாராம்.

குரலைப் பிடிப்பது ஒரு மூக்குப்பொடி டப்பா. அதன் மூடியை வெட்டி எறிந்துவிட்டு, உடைந்த விளக்குச் சிம்னியிலிருந்து காக்காப்பொன் என்கிற மைக்காத் தகடு ஒன்றை வெற்றிலைக் கனத்துக்கு உரித்து, தேன்மெழுகு வைத்து ஒட்டினார். ஊசி அசைந்தால் தகடு அதிரும், அந்த அதிர்வுதான் குரல். அதைப் பெரிதாக்க ஒரு குழல் வேண்டுமே? குடைக்காரருக்கா குழல் செய்யத் தெரியாது? குடைக் கம்பிகளை வளைத்துக் கட்டி, மேலே பழைய குடைத் துணியும் காகிதமும் மாற்றி மாற்றி வைத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைத்தார். பார்த்தால் காற்றில் மடங்கிப்போன குடை மாதிரி இருக்கும். தட்டினால் பறைபோலச் சத்தம் வரும்.

இதையெல்லாம் கேட்டால் சுறுசுறுப்பாகச் செய்தார் என்று தோன்றும். மூன்று மாதம் இழுத்தார். ஒரு திருகைப் போடுவார், இரண்டைக் கழற்றுவார். காக்காப்பொன் சரியில்லை என்பார், பசை காயவில்லை என்பார். சித்திரை வெயிலில் புளியங்கொட்டைப் பசை காயவில்லை என்று சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். சபியா மாமி வெடுக்கென்று ஒன்றும் சொல்ல மாட்டார். மத்தியானச் சோற்றை வைக்கும்போது, "ஆச்சாண்ணே?" என்று மட்டும் கேட்பார். "ஆயிக்கிட்டே இருக்கு புள்ள" என்பார் இவர். இதற்கிடையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் ரயில் ரயிலாக மதுரைக்கு வந்து இறங்கினார்கள். பூட்டு வாங்க வருகிறவர்களே கடையை நிறைத்தார்கள். அந்த வேலையைச் சாக்காக வைத்து இன்னும் இரண்டு வாரம் தள்ளினார்.

ஒரு நாள் பெட்டி அவரைக் கடித்தது. பூட்டுக்காரனுக்கு எதையும் இறுக்கித்தான் பழக்கம், தளர விட்டுப் பழக்கமில்லை. பதினெட்டுச் சுற்றோடு நிறுத்த வேண்டிய சாவியை இருபத்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். ரிவெட் தெறித்தது. சுருண்டிருந்த எஃகு நாடா டாங்கியைப் பிய்த்துக்கொண்டு வந்து புறங்கையை நெடுகக் கீறிவிட்டது. கடை முழுக்க ரத்தம். வலியைவிட, இனி முடியாது என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே என்றுதான் முதலில் தோன்றியதாம். வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்ட கையைக் காட்டினார். சபியா மாமி கட்டை அவிழ்த்து, காயத்தைக் கழுவி, மறுபடி கட்டினார். அப்போதுதான் முதன்முதலாக அழுதார். "எனக்காக ஏண்ணே இம்புட்டுப் பாடுபடுற?" என்றார். அதற்கப்புறம் இவரால் எப்படி நிறுத்த முடியும்?

மறுபடியும் ரிவெட் அடித்தார். வேகத்தைக் கட்டுக்குள் வைக்க மூன்று ஈயக் குண்டுகளை மெல்லிய எஃகு நாடாவில் தொங்கவிட்டார். வட்டில் வேகமெடுத்தால் குண்டுகள் விரிந்து பிரேக் பிடிக்கும். ஹாலாஸ்யம் ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கைக்கடியாரத்தோடு கடைக்கு வந்தார். வட்டில் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை அது கடந்து போகிறது என்று எண்ணினார். எழுபத்தெட்டு வர வேண்டும். முதல் தடவை நூற்றுப் பத்து வந்தது. மத்தியானத்துக்குள் எழுபத்தெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விரிசல் விட்ட பாட்டுத் தட்டை வைத்தபோது, குடைக் குழலிலிருந்து ஒரு பெண் குரல் சுத்தமாக வந்தது. ஐயர் கண்ணை மூடித் தாளம் போட்டார். பெட்டி பேசிவிட்டது, இனிமேல் இழுக்க என் மாமனாருக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை.

முள்ளுக்கு வில்லாபுரம் கண்மாய்க் கரைக்குப் போனார். கருவேலமரத்தில் வெள்ளை வெளேரென்று நீளமாக இருக்கிற பழைய முட்களாகப் பார்த்து ஒரு கைக்குட்டை நிறையப் பறித்து வந்தார். எப்படிச் சீவுவது, ஏன் இரும்பு ஆகாது என்பதையெல்லாம் சபியா மாமியிடம் சொல்லிக் கொடுத்தார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டாராம். வீட்டின் உள்ளறையில் பெட்டியை வைத்து, பழைய தட்டில் ஒரு வாரம் பழக்கினார். சாவி பதினெட்டுச் சுற்று. வட்டில் ஓட ஆரம்பித்ததும் பத்து எண்ணிவிட்டு முள்ளை விளிம்பில் இறக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. சபியா மாமிக்கு நடுங்கவில்லை. நடுங்கியதெல்லாம் சொல்லிக்கொடுத்தவருக்குத்தான்.

நாள் குறித்தாயிற்று. புதன்கிழமை, காலை பத்து மணிக்கு மேல். அன்று அஜ்மல் பீவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சுன்னத்துக் கல்யாணத்துக்குப் போகிறார். வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும்.

அந்தக் காலையில் என் மாமனார் சட்டைப்பையில் ஐயர் கொடுத்த இரும்பு ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டார். எதற்கு என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பதாகச் சொல்லி உள்ளறைக்குப் போனார். மூக்குப்பொடி டப்பாவிலிருந்து முள்ளைக் கழற்றினார். இரும்பு ஊசியைச் சொருகினார். மேலே ஒரு துணுக்கு மெழுகைத் தடவிவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு சின்ன அநியாயம், அதோடு எல்லாம் முடிந்தது. தங்கைக்கு நிலாவும் முற்றமும் மிஞ்சும்.

நிமிர்ந்தபோது மாடத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கைப் பார்த்தார். அதன்மேல் பதினேழு முட்கள் வரிசையாகப் படுத்திருந்தன. சபியா மாமி ஒவ்வொன்றையும் அம்மிக்கல்லில் தேய்த்துக் கூராக்கி, நெய் தொட்டுத் துடைத்து வைத்திருந்தார். நாலைந்து தடவைதான் கேட்க முடியும் என்று தெரிந்தும் பதினேழு.

"அந்த முள்ளப் பாத்ததும் என் கையே எனக்கு அசிங்கமாப் போச்சு மாப்ள" என்றார் என்னிடம். இரும்பு ஊசியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார். பதினேழில் ஒரு முள்ளை எடுத்துச் சொருகினார். வெளியே வந்து, "போ புள்ள" என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. இவர் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தார். சாவி சுற்றுவது கேட்டது, பதினெட்டு வரை இவரும் எண்ணினார். பிறகு வட்டில் ஓடுகிற உராய்வு. அப்புறம் ஒரு முணுமுணுப்பு. ஆண் குரல் என்பது தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள் தன் இதயம் அடிப்பதுதான் கேட்டது. மூன்று நிமிஷம்கூட இருக்காது. மூன்று மாதத்தைவிட அது நீளமாக இருந்தது என்றார்.

கதவு திறந்தது. சபியா மாமி அழவில்லை. நிலைப்படியில் நின்றபடியே பேசினார்.

"கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசலண்ணே. மூச்சு விடுறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம், நான் கொரலு கேக்கணும்னு எழுதியிருந்தேனாம், அதுக்காக வந்து நிக்கிறாராம், என்ன பேசுறதுன்னு தெரியலையாம்."

இவர் சுவரைப் பிடித்து எழுந்து நின்றார்.

"நான் அப்பிடிச் சொல்லலையேண்ணே."

"நாந்தான் எழுதுனேன்" என்றார். குட்டு வெளிப்பட்ட பிறகு மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். நிலா, மழை, முற்றம், போன கடிதம், வந்த கடிதம். அவன் எழுதியது வெறும் சரக்கும் சலாமும்தான், அதை அப்படியே உனக்கு வாசிக்க எனக்கு மனசு வரவில்லை என்றார். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன் என்றார். ஆறு வருஷப் பாரம் இறங்கியது, ஆனால் நெஞ்சு லேசாகவில்லை.

கேட்டு முடித்துவிட்டுச் சபியா மாமி சொன்னார்:

"கடைசியா ஒண்ணு கேட்டாரு. சித்தரத்த இருக்கான்னு கேட்டாரு. மார்கழியில எனக்கு இருமல் வரும்ல. வருசா வருசம் எழுதுறேனே, அண்ணன் வாங்கித் தாராரான்னு கேட்டாரு." அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார். "வருசா வருசம் எழுதுனாராண்ணே?"

என் மாமனாருக்குத் தலைக்குள் ஏதோ அறுந்து விழுந்ததுபோல் இருந்ததாம். எழுதியிருந்தார். ஒவ்வொரு வருஷமும் நைனா முகமது எழுதியிருந்தார். மச்சானுக்கு மாப்பிள்ளை போடுகிற உத்தரவு என்று நினைத்து, கொஞ்சம் எரிச்சலோடுகூட, அந்த வரிகளைத் தாண்டித் தாண்டிப் போய் அந்த இடத்தில் நிலாவை வைத்தவர் இவர்தான். அன்பு இல்லாத கடிதத்துக்கு அன்பைச் சேர்ப்பதாக நினைத்து, இருந்த அன்பை ஒவ்வொரு தடவையும் எடுத்து வெளியே போட்டிருக்கிறார்.

"மருந்துச் சமாச்சாரம்தானேன்னு..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதார். பூட்டுக்காரரின் கையில் இருந்த கட்டும் நனைந்தது.

சபியா மாமி அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "கடுதாசிய எல்லாம் எடுத்துட்டு வா" என்றார்.

பிஸ்கட் டின்னில் முப்பத்தாறும் இருந்தன. அன்று மாமி கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. கூடத்தில் அண்ணனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முதல் கடிதத்திலிருந்து ஆரம்பித்தார்கள். கடையில் சரக்கு குறைவு. மழை அதிகம். சபியாவை ஜன்னலோரம் படுக்க வேண்டாம் என்று சொல்லவும். சித்தரத்தை வாங்கிக் கொடுக்கவும். ஓதும்போது விளக்கைக் கிட்ட வைத்துக்கொள்ளச் சொல்லவும், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். வறண்டது என்று அவர் ஒதுக்கிய ஒவ்வொரு வரிக்கும் தங்கை முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

நாலாவது கடிதத்தில், பழக்கதோஷம், அவரை அறியாமல் நாக்கு புரண்டுவிட்டது. "நிலாவப் பாக்கும்போதெல்லாம்..." என்று இழுத்தார்.

மாமி கையை உயர்த்தினார். "அது எழுதியிருக்கா?"

"இல்ல புள்ள."

"எழுதுனத வாசிண்ணே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுத்துக்கு எழுத்து விரலை வைத்து வாசித்தார். "கிணற்றடியில் பாசி பிடித்திருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்க்கவும். சபியா வழுக்கி விழுந்துவிடுவாள்."

சபியா மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அத இன்னொரு தடவ வாசிண்ணே" என்றார்.